பேட்டியா, பொன்னாடையா?

வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவு அறையில் ஒருவர் வினவ, மற்றொருவர் விடை பகர்வது பேட்டி எனப்படும். இலக்கணம் இவ்வளவு எளிதாயிருக்க, நடைமுறையில் நாம் கேட்பது என்ன? விருந்தினரின் பெயர், பட்டம், பதவி, பெற்ற விருதுகள் ஆகியவற்றை நிகழ்ச்சி நடத்துபவர் மூன்று நிமிடம் அடுக்குகிறார். பிறகு, "தாங்கள் இத்துணை உயரத்தை எவ்வாறு எய்தினீர்கள்?" என்கிறார். "எல்லாம் இறைவன் அருள், பெற்றோர் ஆசி" என்கிறார் விருந்தினர். "இளைஞர்களுக்குத் தாங்கள் கூற விரும்பும் அறிவுரை யாது?" "உழைக்க வேண்டும்." நன்றி, வணக்கம். அரைமணி நேரம் கழிந்துவிடுகிறது. கேட்டவர் ஒன்றும் அறிந்துகொள்ளவில்லை; சொன்னவரும் ஒன்றும் சொல்லவில்லை. மேடையில் போர்த்தும் பொன்னாடையை ஒலிவாங்கியின் வழியே போர்த்தியதன்றி வேறென்ன நிகழ்ந்தது?

இவ்வாறு எழுதுவதால் அன்பர்கள் சிலர் மனம் வருந்தக்கூடும். ஆயினும் நம்மவர் படிக்கும் மலரில் எழுதாமல் இதனை வேறெங்கு எழுதுவது? நம் கட்சியை மறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். பொது வானொலியில் பேட்டி நடத்துபவர், எதிரே அமர்ந்திருக்கும் விருந்தினர்க்குக் கடமைப்பட்டவர் அல்லர். கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ அடுக்களையிலும் காவற்கூண்டிலும் இருந்து கேட்கும் மக்களுக்கே கடமைப்பட்டவர். இக்கடமையை மறந்த பேட்டி எத்துணை இனிய தமிழில் அமைந்தாலும் வீணே.

இது நம் விருப்பம் மட்டுமன்று. நாட்டின் சட்டமும் இதன் பக்கமே நிற்கிறது. 1927-இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் தனியார் நிறுவனம் ஒன்று தொடங்கிய ஒலிபரப்பு, 1930-இல் அரசின் கைக்கு வந்தது. தில்லி நிலையம் 1936-இலும், சென்னை நிலையம் 1938-இலும், திருச்சி நிலையம் 1939-இலும் ஒலிக்கத் தொடங்கின. அரை நூற்றாண்டுக்கும் மேலாக வானொலி அரசின் உடைமை என்றே நாம் எண்ணிப் பழகினோம். 1995-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் உச்சநீதிமன்றம், வான்வழி அலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. 1990-இல் இயற்றப்பெற்று 1997-இல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதிச் சட்டமும், நாட்டின் பல பகுதிகளின் பண்பாடுகளுக்கும் மொழிகளுக்கும் போதிய இடமளிப்பதைப் பொது ஒலிபரப்பின் கடமைகளுள் ஒன்றாக வைத்தது. பொதுக் கிணற்றில் நீர் இறைப்பவர் தம் நண்பர் தோட்டத்திற்கு மட்டும் பாய்ச்சினால் ஊர் பொறுக்குமா? பொது அலையில் புகழுரை பாய்ச்சுவதை மட்டும் ஏன் பொறுத்துக்கொள்கிறோம்?

சொற்களையே எண்ணிப் பார்ப்போம். 'பேட்டி' என்பது வடபுலத்திலிருந்து நம் மொழிக்கு வந்து சேர்ந்த சொல். இந்தி ஒலிபரப்பில் 'பேண்ட்வார்த்தா' என்பர். அதன் முற்பகுதிக்குச் சந்திப்பு என்றும் பொருள். பெரியோரைக் காணும்போது வைக்கும் காணிக்கை என்றும் பொருள். தில்லியில் வாழும் நமக்கு இவ்விரு பொருளும் பழக்கமானவையே. நம் நிகழ்ச்சிகளில் முதற்பொருள் மங்கி இரண்டாம் பொருளே ஓங்கிவிட்டது போலும்! தமிழிலோ 'கேள்' என்னும் ஒரே சொல் வினவுதலையும் குறிக்கும், செவிமடுத்தலையும் குறிக்கும். வள்ளுவர் 'கேள்வி' என்று வகுத்த 42-ஆம் அதிகாரம் முழுவதும் செவியால் கேட்பதைப் பற்றியதே. வினவத் தெரிந்தவனுக்குச் செவிமடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று மொழியே நமக்குக் கற்பித்திருக்கிறது. கற்றுக்கொள்ளாதது நம் பிழை.

பிறரைக் குறை கூறுமுன் நம் பிழைகளைச் சொல்லுதல் முறை. தலைநகர்ப் பகுதியில் உள்ள சமுதாய வானொலி நிலையம் ஒன்றில் சில காலம் சனிக்கிழமைதோறும் தமிழில் பேட்டி நடத்தும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அலுவலகத்தில் முறைப்படி அனுமதி பெற்று, ஊதியமின்றி அப்பணியை ஏற்றோம். முதன்முதலாக நாம் அழைத்தவர், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். எண்பது வயதைக் கடந்தவர். நாம் எழுதி அனுப்பிய பன்னிரண்டு வினாக்களுக்கும் விடைகளைத் தட்டச்சு செய்தே கொணர்ந்திருந்தார். தாள் சலசலக்கும் ஓசையோடு அவற்றை வாசித்தார். நாமும் தலையாட்டினோம். ஒலிப்பதிவு முடிந்து தேநீர் அருந்துகையில், "உங்கள் தந்தையார் தில்லிக்கு எப்படி வந்தார் ஐயா?" என்று சாதாரணமாகக் கேட்டுவைத்தோம். அவ்வளவுதான். கோடைதோறும் அரசு அலுவலகங்கள் சிம்லா மலைக்கு ஏறிய காலத்தில், தந்தையார் அரிசி மூட்டையும் புளிப் பானையும் கட்டிக்கொண்டு மலைரயிலில் சென்றதும், குளிர்காலம் தொடங்குமுன் இறங்கி வந்தால் பழைய குடியிருப்பு பிறர்க்குப் போயிருக்க மீண்டும் வீடு தேடி அலைந்ததும், தாயார் இந்தி தெரியாமல் விரல்களைக் காட்டியே காய்கறிக்காரனிடம் பேரம் பேசியதும் வரிசையாக வந்தன. அவர் கண்கள் ஒளிர்ந்தன; கருவியோ அணைக்கப்பட்டிருந்தது. "இன்னொரு நாள் இதனைப் பதிவு செய்வோம் ஐயா" என்று சொல்லி வழியனுப்பினோம். அந்த இன்னொரு நாள் வரவேயில்லை. அடுத்த குளிர்காலத்தில் அவர் மறைந்தார். அவருடைய பன்னிரண்டு விடைகளும் நம்மிடம் பத்திரமாக இருக்கின்றன. அவை ஒருவருக்கும் பயன்படா.

இப்பிழையின் வேர் எங்குள்ளது என்று எண்ணிப் பார்த்தோம். கோப்புகளில் குறிப்பெழுதிப் பழகிய கை நம்முடையது. நாடாளுமன்ற வினா ஒன்று வந்தால், அதற்கு விடை எழுதுவதோடு, துணைவினாக்கள் எவையாக இருக்கும் என்று ஊகித்து அவற்றுக்கும் விடை எழுதி வைப்போம். எதிர்பாராத சொல் ஒன்றும் வெளிவந்துவிடக் கூடாது என்பதே அப்பணியின் நோக்கம். அமைச்சகத்தில் அது தேவை. ஒலிப்பதிவு அறையிலோ எதிர்பாராத சொல்லுக்காகவே நாம் அமர்ந்திருக்கிறோம். கோப்பின் பழக்கத்தை ஒலிவாங்கியின் முன்பும் கொண்டுசென்றதே நாம் செய்த தவறு. நம் தலைநகர்த் தமிழருள் பெரும்பாலோர் கோப்போடு வாழ்ந்தவர்கள். ஆதலின் இத்தவறு நம் சமூகத்துக்கே பொதுவானது எனலாம்.

பிறகு நாம் அழைத்தவர், வீட்டுவேலை செய்தே நாற்பது ஆண்டுகளைத் தில்லியில் கழித்த மூதாட்டி ஒருவர். இம்முறை நிலையத்துப் பொறுப்பாளர், வினாக்களை மூன்று நாள் முன்னதாக எழுதித் தருமாறு பணித்தார். தந்தோம். "வாடகை எவ்வளவு கொடுக்கிறீர்கள்?", "தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்னும் இரண்டும் அடிக்கப்பட்டுத் தாள் திரும்பி வந்தது. விருந்தினர்க்குச் சங்கடம் என்பது காரணம். யாருக்குச் சங்கடம்? அம்மூதாட்டிக்கா? அவர் அறையினுள் வந்து அமர்ந்ததும், நாம் வழக்கம்போல், "தில்லி வாழ்க்கை எப்படி இருக்கிறது, அம்மா?" என்றோம். "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. அடுத்து, "காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்?" என்றோம். "நாலு மணிக்கு. தண்ணி லாரிக்கு வரிசை போடணுமே!" என்று தொடங்கியவர் இருபது நிமிடம் ஓயவில்லை. ஐந்து குடம் நீர், மூன்று வீட்டு வேலை, மகளின் பள்ளிக் கட்டணம், ஊரில் விற்றுவிட்டு வந்த அரை ஏக்கர் நிலம் ஆகிய அனைத்தும், அடிக்கப்பட்ட வினாக்களின் விடைகளோடு, அவராகவே சொல்லி முடித்தார். அவர் முகத்தில் சங்கடத்தின் நிழல்கூட இல்லை. வெளியே வரும்போது, "இத்தனை வருஷத்துல இதெல்லாம் யாரும் என்னைக் கேட்டதில்ல தம்பி" என்றார். அந்த ஒரு தொடரில் நம் சமூகத்தின் மீதான குற்றப்பத்திரிகை அடங்கியிருக்கிறது.

ஆதலின் பேட்டி நடத்தும் பொறுப்பை ஏற்போர்க்கு, பட்டறிந்து கற்ற சிலவற்றைச் சொல்கிறோம். "எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்பதைவிட "முதல் சம்பளம் எவ்வளவு? அதை யாரிடம் கொடுத்தீர்கள்?" என்று கேட்பது மேல். ஒரு நேரத்தில் ஒரு வினாவே போதும். மூன்றை ஒன்றாய்க் கட்டிக் கேட்டால் விருந்தினர் எளிதானதற்கு மட்டும் விடை சொல்லித் தப்பிவிடுவார். அவர் பேசும்போது "ஆமாம், ஆமாம்" என்று இடையிடையே ஒலிப்பதை விடுத்துக் கண்ணாலும் தலையசைவாலும் ஊக்குவித்தல் வேண்டும். ஒலிவாங்கி நம் பணிவையும் சேர்த்தே பதிவு செய்துவிடும். மின்விசிறியை நிறுத்துதல் வேண்டும்; கையில் தாள் வைத்திருத்தல் கூடாது. எல்லாவற்றினும் கடினமானது மௌனம். விருந்தினர் சொல்லி நிறுத்தியதும் அடுத்த வினாவைப் பாய்ச்சாமல் நான்கைந்து நொடி பொறுத்திருந்தால், மறைத்து வைத்திருந்த ஒன்றை அவரே எடுத்து வைப்பார். அந்த நான்கைந்து நொடிகளைத் தாங்க மாட்டாமல் நாம் கெடுத்த பேட்டிகள் பல.

இக்கலை வேற்று நாட்டில் எவ்வளவு உயரம் சென்றது என்பதற்கு ஒரு சான்று. அமெரிக்காவில் சிகாகோ நகரத்து உள்ளூர் வானொலி ஒன்றில் ஸ்டட்ஸ் டெர்க்கல் என்பார் 1952 முதல் 1997 வரை 45 ஆண்டுகள் பேட்டி நிகழ்ச்சி நடத்தினார். எழுத்தாளரையும் இசைவாணரையும் வானொலியில் கேட்ட அதே செவியோடு, அவர் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு தொழிலாளரிடமும் சென்றார். எஃகு ஆலைத் தொழிலாளி, உணவகப் பணிப்பெண், கல்லறை தோண்டுபவர் எனப் பலரும் தம் வேலையைப் பற்றித் தம் வாய்மொழியாகவே கூறியவற்றைத் தொகுத்து 1974-இல் ஒரு நூலாக்கினார். ஒரு நகரத்தின் வரலாற்றை அந்நகரத்தாரே பேசும்படி செய்தவர் அவர். அதற்கு அவரிடம் இருந்த மூலதனம் ஆர்வமும் பொறுமையுமே.

நம் நாட்டிலும் வழி திறந்தே இருக்கிறது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-இல் நம் நாகர்கோவிலில் அமைந்தது என்பது தமிழர்க்குப் பெருமை. 2002-இல் கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி நடத்த இசைவு கிடைத்தது. அவ்வழியில் 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் முன்னின்று தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அவ்வுரிமை விரிந்தது. தலைநகரை அடுத்த குடுகாவில் 2009-இல் தொடங்கிய 'குடுகாவ் கீ ஆவாஸ்' என்னும் சமுதாய வானொலி, வெளி மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தோரின் குரலுக்கும் இடமளித்தது. இத்தகைய நிலையங்கள் தாமே செய்தியறிக்கை தயாரித்து ஒலிபரப்ப விதிகள் இடந்தரவில்லை. ஆனால் நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியேனும் உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்று அவ்விதிகளே கூறுகின்றன. செய்தி வாசிக்க இயலாத நிலையத்தில் ஊரின் உண்மை நுழையத்தக்க வாயில் எது? பேட்டி ஒன்றே. அவ்வாயிலிலும் நாம் தோரணம் கட்டிப் பூட்டிவிட்டால், உண்மை எவ்வழியே வரும்?

யாரை அழைப்பது என்பதில் நம் சங்கங்களின் வழக்கமும் குறையுடையதே. அதிகாரி, கலைஞர், கொடையாளர், தலைவர் என்ற வட்டத்தைத் தாண்டி நம் கண் செல்வதில்லை. அவர்கள் மதிப்பிற்குரியவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தில்லித் தமிழர் என்றால் அவர்கள் மட்டுமா? ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் 'மதராசி கேம்ப்' என்று ஒரு குடியிருப்பு இருந்தது. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்து பல பத்தாண்டுகளாக வீட்டுவேலையும் கூலிவேலையும் செய்து பிழைத்த குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன. அவர்தம் பிள்ளைகள் பலர் தமிழ்ப் பள்ளியில் பயின்றனர். உயர்நீதிமன்ற ஆணைப்படி 2025-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. சுமார் 370 குடிசைகளில் வாழ்ந்தோருள் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையன எனக் கணக்கிடப்பட்டன. அவ்வீடுகளும் நகரின் வடகோடியில் நரேலாவில். இடிபட்ட வாரத்தில் செய்தியாளர்கள் வந்தார்கள், கருவிகளை நீட்டினார்கள், சென்றார்கள். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில், அமைதியான ஒரு மாலைப்பொழுதில், நம்மில் எத்தனை பேர் அங்குச் சென்று, "எந்த ஊர்? எந்த ஆண்டு வந்தீர்கள்? முதல் குடிசையை யார் கட்டியது?" என்று கேட்டோம்? குடிசை இடிந்தபின் செங்கல்லை எண்ணலாம். குரலை எங்குச் சென்று தேடுவது?

சரோஜ் நாராயணசுவாமி அவர்களின் குரலை நம் தலைமுறை மறக்க இயலாது. தில்லியிலிருந்து ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தியைப் பல்லாண்டுகள் வாசித்து, 2022-இல் மறைந்த அப்பெருமாட்டியின் தெளிந்த உச்சரிப்பு, தமிழகத்தின் தேநீர்க் கடைகளில் எல்லாம் ஒலித்தது. அது தலைநகரின் செய்தியை நம் ஊர்களுக்குச் சொன்ன குரல். தலைநகரில் வாழும் தமிழர் தம் வாழ்வைத் தமக்குள் சொல்லிக்கொள்ளும் குரல் ஒன்றும் உடன் வளர்ந்திருக்க வேண்டும். அது வளரவில்லை என்பதற்கு வானொலியை மட்டும் பழிப்பது நேர்மையாகாது.

இனி, மறுப்புரைகளைக் காண்போம். "பெரியோரை இவ்வாறு வினவினால் மதிப்புக் குறைவு அல்லவா?" என்பர் சிலர். மெய்யான வினா மதிப்பின் அடையாளம். ஒருவரிடம் சொல்லத் தக்க செய்தி உண்டு என்று நம்புகிறவனே அவரை வினவுகிறான். புகழ்ந்து அனுப்புகிறவன், அவரிடம் வேறொன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறான். வினவுதல் குற்றம் சாட்டுதல் ஆகாது. குறுக்கிட்டு மடக்கும் தொலைக்காட்சிக் கூச்சலை நாம் கேட்கவில்லை. "எளிய மக்களுக்கு ஒலிவாங்கியின் முன் பேச வராது" என்பர் வேறு சிலர். மேற்சொன்ன மூதாட்டியின் இருபது நிமிடமே அதற்கு விடை. பேச வராதவர் நம் முன் பேச வராதவர். வினா தவறாயிருந்ததன் விளைவு அது. "எல்லார் கையிலும் கைப்பேசி வந்தபின் வானொலியை யார் கேட்கிறார்?" என்பர் மற்றும் சிலர். சப்பாத்திக்கு மாவு பிசையும் கைகளும், வண்டியோட்டும் கைகளும் திரையைத் தொட இயலாது. செவி மட்டும் ஓய்வாயிருக்கும். மேலும், நல்ல பேட்டி ஒருமுறை ஒலித்து மறைவதற்காக மட்டும் நடப்பதன்று. இன்று ஒலித்து, நாளை பேரப்பிள்ளைகள் கேட்கும்படி காக்கப்பட வேண்டிய ஆவணம் அது. கைப்பேசி வானொலிக்குப் பகையாக வேண்டியதில்லை. ஒலிப்பதிவுக் கருவியாகவே அதனைப் பயன்கொள்ளலாம்.

குறை கூறி நின்றுவிட்டால் இக்கட்டுரையும் ஒரு பொன்னாடையாகிவிடும். ஆதலின் செய்யத்தக்கதைச் சொல்லி முடிக்கிறோம். ஓராண்டில் 52 வாரங்கள். வாரம் ஒருவராக, அரைமணி நேரம் பதிவு செய்தால் ஆண்டிறுதியில் 26 மணி நேர வரலாறு நம் கையில் இருக்கும். தில்லியானாலும் மும்பையானாலும் கொல்கத்தாவானாலும், அந்தந்தச் சங்கத்து இளைஞர் நால்வர் முன்வந்தால் இது நடக்கும். ஐம்பத்திருவருள் பாதிப்பேரேனும் இதுவரை மேடை ஏறாதவராக இருக்கட்டும்: சமையற்காரர், இட்லிக் கடை நடத்துபவர், மருத்துவமனைத் தாதி, தட்டச்சர், கட்டடத் தொழிலாளி, கணவரோடு வந்து ஐம்பதாண்டு அடுக்களையிலேயே கழித்த இல்லத்தரசி. வினாத்தாளை முன்கூட்டி அனுப்ப வேண்டா. பேசப்போகும் பொருளை மட்டும் சொல்லுவோம். அவர் இசைவின்றி எதனையும் ஒலிபரப்ப வேண்டா. அவர் இசைந்ததைப் பிறர் சங்கடத்திற்காக வெட்டவும் வேண்டா. பதிவுகளை அருகிலுள்ள சமுதாய வானொலியிடம் கொண்டு செல்வோம். ஆகாசவாணியிடமும் நேரம் கேட்போம். அது யாசகமன்று, பொதுச்சொத்தில் நம் பங்கு.

வெளியே எங்கும் செல்ல இயலாதோர், முதற்பேட்டியைத் தம் வீட்டிலேயே தொடங்கலாம். கூடத்தின் மூலையில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் தாயையோ தந்தையையோ இந்த ஞாயிறன்று அணுகி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, "இந்த ஊருக்கு வந்த முதல் நாள் எங்கே தங்கினீர்கள்?" என்று கேட்டுப் பார்ப்போம். கேட்டபின் வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம். கருவி ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்வோம்.